மெக்கின்டாஷ்: டிரான்ஸ்ஃபார்மரைக் கைவிடாத ஒரு கம்பெனி

உயர்தர ஆம்ப்ளிஃபயர் செய்யும் கம்பெனிகள் நீண்ட நாள் நிலைப்பதில்லை. திறமையான ஒரு பொறியாளர் தொடங்குவார், பத்துப் பதினைந்து ஆண்டு நல்ல பெயரோடு நடக்கும், பிறகு அவர் விலகுவார் அல்லது விலக நேரும், பெயர் மட்டும் கை மாறிக்கொண்டிருக்கும். மார்க் லெவின்சன் 1972-ல் தன் பெயரில் தொடங்கிய கம்பெனியை 1980களின் நடுவிலேயே விட்டுவிட வேண்டியிருந்தது. 1980-ல் வந்த கிரெல்லில் தொடங்கியவர்கள் இன்று இல்லை. 1970-ல் மினியாபோலிஸில் பிறந்து, டிரான்ஸிஸ்டருக்கு முந்தைய கண்ணாடிக் குழாயான வால்வை வைத்துச் செய்யும் ஆம்ப்ளிஃபயருக்கு மறுவாழ்வு கொடுத்த ஆடியோ ரிசர்ச், கடன் நெருக்கடியில் சிக்கி 2023-ல் வேறொருவர் கைக்குப் போனது.

நியூயார்க் மாநிலத்தின் பிங்காம்டன் நகரில் இருக்கும் மெக்கின்டாஷ் லேபரட்டரி இந்த வரிசையில் சேராது. தொடங்கிய ஆண்டு 1949. நடத்திய முதல் தலைமுறை மறைந்து முப்பத்தைந்து ஆண்டுகள் ஆகின்றன. 1990 முதல் 2024 வரை ஆறு முறை உரிமை கை மாறியிருக்கிறது. இருந்தும் 1956-ல் குடியேறிய சேம்பர்ஸ் தெருவிலேயே இன்றும் ஆம்ப்ளிஃபயர் செய்கிறது, டிரான்ஸ்ஃபார்மரையும் தானே சுற்றுகிறது.

எப்படி முடிந்தது என்று கேட்டால் நீல நிற மீட்டர், கறுப்புக் கண்ணாடி முகப்பு, பிராண்ட் மதிப்பு என்றுதான் பலரும் சொல்வார்கள். எனக்கு அது போதுமான பதிலாகத் தெரியவில்லை. ஆம்ப்ளிஃபயரின் கடைசிக் கட்டத்தில், ஸ்பீக்கருக்குச் சற்று முன்னால் உட்காரும் கம்பிச் சுருளான அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரில்தான் இந்தக் கம்பெனியின் விதி முடிவானது என்பது என் வாதம். அதை வைத்துத்தான் தொடங்கினார்கள். அது தேவையில்லை என்று உலகமே சொன்ன காலத்திலும் விடாமல் வைத்திருந்தார்கள். பின்னால் வாங்க வந்தவர்களும் அது இருந்த பட்டறையைத்தான் வாங்கினார்கள்.

தொடக்கத்தில் இருந்த சிக்கல்

ஃபிராங்க் மெக்கின்டாஷ் 1906-ல் பிறந்தவர். பெல் ஆய்வகத்தில் வேலை பார்த்தவர். இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்கப் போர் உற்பத்தி வாரியத்தின் ரேடியோ, ரேடார் பிரிவில் இருந்தார். போர் முடிந்ததும் வாஷிங்டனில் வானொலி நிலையங்களுக்கு ஆலோசனைப் பொறியாளராகத் தொழில் செய்தார். அந்த வேலையில் அவருக்கு அதிக வாட்டும் குறைந்த சிதைவும் ஒரே கருவியில் தேவைப்பட்டன. கடையில் அப்படி ஒன்று இல்லை.

ஏன் இல்லை என்பதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். மற்றதெல்லாம் இதிலிருந்துதான் வருகிறது.

அன்றைய நல்ல ஆம்ப்ளிஃபயர்கள் புஷ்-புல் முறையில் இரண்டு வால்வுகளை வைத்து வேலை செய்தன. இரண்டு பேர் ஆளுக்கொரு பக்கம் நின்று அறுக்கும் ரம்பம் போல, அலையின் ஒரு பாதியை ஒரு வால்வும் மறுபாதியை இன்னொரு வால்வும் இழுக்கும். இரண்டையும் எப்போதும் முழுக் கரண்டில் வைத்திருந்தால் ஒலி சுத்தமாக இருக்கும். ஆனால் வெப்பம் அதிகம், கிடைக்கும் வாட் குறைவு. இதை ஏ வகுப்பு என்பார்கள். 1947-ல் பிரிட்டனில் டி. டி. என். வில்லியம்சன் வெளியிட்ட புகழ்பெற்ற சர்க்யூட் அந்த வழியில் போனது. சிதைவு மிகக் குறைவு, ஆனால் 15 வாட்தான்.

ஒரு வால்வு வேலை செய்யும்போது மற்றது ஓய்வெடுக்க விட்டால் அது பி வகுப்பு. வாட் கூடும், சூடு குறையும். சிக்கல் இருவரும் கை மாறும் கணத்தில் வருகிறது. டிரான்ஸ்ஃபார்மரில் வால்வுகளோடு இணையும் சுருளான முதல்சுற்றில் இரண்டு பாதிகள் உண்டு. ஒரு பாதியில் ஓடிய கரண்ட் நின்று மறுபாதியில் தொடங்க வேண்டும். இரண்டு பாதிகளும் காந்தப்புலத்தால் முழுமையாகப் பிணைந்திருக்காவிட்டால், அந்த நொடியில் சுருளில் தங்கியிருக்கும் ஆற்றல் ஒரு சின்ன முள்ளாக அலைவடிவத்தில் குத்தி நிற்கும். அதிர்வெண் ஏற ஏற அது மோசமாகும். வெளிவரும் சிக்னலில் ஒரு பங்கை எதிராகத் திருப்பி ஊட்டிப் பிழையைக் குறைக்கும் நெகட்டிவ் ஃபீட்பேக்கைக் கூட்டி இதை அடக்கவும் முடியாது. டிரான்ஸ்ஃபார்மரே உயர் அதிர்வெண்ணில் சிக்னலைக் காலத்தில் பின்தள்ளுவதால், அளவு மீறினால் ஆம்ப்ளிஃபயர் தானாகவே அதிர்ந்து ஊளையிட ஆரம்பித்துவிடும்.

மெக்கின்டாஷும் 1946-ல் அவரிடம் உதவியாளராகச் சேர்ந்த கோர்டன் கோவும் கண்ட தீர்வு கேட்க எளிமையானது. இரண்டு பாதிகளையும் தனித்தனியே சுற்றாமல், இரண்டு கம்பிகளைப் பக்கத்தில் பக்கத்தில் பிடித்து ஒரே நேரத்தில் சுற்றுவது. எங்கு பார்த்தாலும் ஒரு கம்பிக்கு அடுத்தது மறு கம்பி. பிணைப்பு கிட்டத்தட்ட முழுமை. பிறகு சுமையை வால்வின் இரு முனைகளான பிளேட் பக்கம் பாதி, கேத்தோடு பக்கம் பாதி என்று பிரித்தார்கள். இதனால் வழக்கமாகத் தேவைப்படும் முதல்சுற்று இம்பீடன்ஸ் (மாறும் கரண்டுக்குச் சுருள் காட்டும் தடை) கால்வாசியாகக் குறைந்தது. அதாவது, நல்ல அலைவரிசை உள்ள டிரான்ஸ்ஃபார்மரைச் செய்வதே சுலபமானது. கேத்தோடில் பாதிச் சுமை இருப்பதால் ஃபீட்பேக்கும் அங்கேயே இயல்பாகக் கிடைத்தது. யூனிட்டி கப்பிள்டு என்று பெயர் பெற்ற இந்தச் சர்க்யூட்டுக்கு 1949-ல் காப்புரிமை வந்தது. அதை வைத்து வந்த முதல் கருவியான 50டபிள்யூ-1, 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை 1 சதவீதத்துக்குள் சிதைவோடு 50 வாட் கொடுத்தது.

காகிதத்தில் எளிதாக இருந்த இந்த யோசனை தொழிற்சாலையில் கடுமையான வேலையாக மாறியது. பக்கத்தில் பக்கத்தில் ஓடும் அந்த இரண்டு கம்பிகளில் சிக்னல் ஒன்றுதான், ஆனால் ஒன்று உயர் வோல்ட்டேஜிலும் மற்றது தரையோடும் இணைந்தது. நூற்றுக்கணக்கான வோல்ட் வித்தியாசத்தை ஒரு மெல்லிய எனாமல் பூச்சு ஆயுள் முழுக்கத் தாங்க வேண்டும். சுற்றும்போது எங்காவது ஒரு கீறல் விழுந்தால் கதை முடிந்தது. வால்வை இயக்க முந்தைய கட்டம் தர வேண்டிய சிக்னல் வோல்ட்டேஜும் மிக அதிகம். காப்புரிமை காலாவதியான பின்னும் போட்டியாளர்கள் இந்த வழிக்கு அதிகம் வராததற்கு இந்தச் சுற்றுக் கைவேலைதான் காரணம் என்று நினைக்கிறேன். சர்க்யூட்டைப் பார்த்து வரைந்துவிடலாம். சுருள் சுற்றும் ஆட்களையும் இயந்திரங்களையும் அப்படி வரவழைக்க முடியாது.

மேரிலாந்தின் சில்வர் ஸ்பிரிங்கில் இருந்த கம்பெனி 1951-ல் பிங்காம்டனுக்குப் போனது. எட்வின் லிங்க் தன் விமானப் பயிற்சி இயந்திரங்களைச் செய்த ஊர் அது. சற்றுத் தள்ளி எண்டிகாட்டில் ஐபிஎம். நுட்பமான கைவேலை பழகியவர்கள் இருந்த வட்டாரத்தில் வந்து உட்கார்ந்தார்கள்.

எம்சி275-ம் அதன் பிறகும்

1954-ல் எம்சி30, 1955-ல் எம்சி60 என்று வரிசையாக வந்தன. ஸ்டீரியோ இசைத்தட்டுகள் பரவியதும் 1960-ல் எம்சி240, 1961-ல் எம்சி275. சிட்னி கார்டர்மன் தலைமையில் உருவான எம்சி275 ஒவ்வொரு சேனலுக்கும் 75 வாட் கொடுத்தது. நான்கு கேடி88 வால்வு, மூன்று பெரிய டிரான்ஸ்ஃபார்மர், பளபளக்கும் குரோம் சேசிஸ், எடை சுமார் 30 கிலோ. 1973 வரை உற்பத்தியில் இருந்தது. வால்வு ஆம்ப்ளிஃபயர் என்றதும் இன்றும் பலருடைய மனதில் வரும் உருவம் அதுதான். அந்த அழகு யோசித்துப் பூசியது இல்லை என்பதே எனக்கு அதில் பிடித்த விஷயம். கனமான டிரான்ஸ்ஃபார்மர்கள் பின்னால், சூடாகும் வால்வுகள் காற்றோட்டமாக நடுவில், இணைப்புகள் முன்னால். எடையும் சூடும் எங்கே இருக்க வேண்டுமோ அங்கே இருக்கின்றன.

அதே காலத்தில் டிரான்ஸிஸ்டர் வந்தது. டிரான்ஸிஸ்டரால் ஸ்பீக்கரை நேரடியாக ஓட்ட முடியும், நடுவே டிரான்ஸ்ஃபார்மர் வேண்டாம். எடை பாதி, செலவு பாதி. துறை முழுக்க அந்தப் பக்கம் ஓடியது, அதில் தவறும் இல்லை. மெக்கின்டாஷ் 1967-ல் எம்சி2505 என்ற டிரான்ஸிஸ்டர் ஆம்ப்ளிஃபயரைக் கொண்டுவந்தபோது அதிலும் அவுட்புட்டில் ஒரு சுருளை வைத்தது. முதல்சுற்று, இரண்டாம்சுற்று என்று பிரிக்காமல் ஒரே சுற்றில் பல இடங்களில் முனை எடுக்கும் ஆட்டோஃபார்மர் அது.

பழைய பழக்கத்தை விட முடியாமல் செய்ததா? அந்தக் கேள்வியை நேர்மையாகவே பார்க்க வேண்டும். பிடிவாதமும் கொஞ்சம் இருந்திருக்கும். ஆனால் இரண்டு திடமான தொழில்நுட்பக் காரணங்கள் உண்டு. முதலாவது, டிரான்ஸிஸ்டருக்கு ஒரு வசதியான சுமை உண்டு. 8 ஓம் ஸ்பீக்கருக்குப் பதில் 4 அல்லது 2 ஓம் ஸ்பீக்கரை மாட்டினால் கரண்ட் ஏறும், சூடு ஏறும். ஆட்டோஃபார்மர் இருந்தால் எந்த ஸ்பீக்கரானாலும் டிரான்ஸிஸ்டர் காணும் சுமை ஒன்றேதான். 2, 4, 8 ஓம் எதிலும் அதே வாட் கிடைக்கும். இரண்டாவது, அன்றைய அவுட்புட் டிரான்ஸிஸ்டர்கள் ஷார்ட் ஆனால் நேர்மின்னோட்டம் அப்படியே ஸ்பீக்கருக்குள் பாய்ந்து அதன் சுருளை எரித்துவிடும். ஆட்டோஃபார்மர் அந்தக் கரண்டைத் தரைக்கு வழிவிடும். ஃபியூஸ் போகும், ஸ்பீக்கர் பிழைக்கும்.

எதிர்வாதமும் உண்டு. பாஸ் எனப்படும் தாழ்ந்த ஒலிகளில் சுருளுக்குள் இருக்கும் இரும்பு இனிமேல் காந்தம் ஏறாத அளவுக்கு நிறைவுற்று ஒலியைச் சிதைக்கலாம், கூடுதல் எடை, கூடுதல் செலவு. ஸ்பீக்கரை அறிந்து வாங்குபவருக்கு இது வேண்டாத சுமை என்று சொல்பவர்கள் சொல்வதில் பொருள் இருக்கிறது. மெக்கின்டாஷே தன் சிறிய மாடல்கள் சிலவற்றை ஆட்டோஃபார்மர் இல்லாமல் செய்திருக்கிறது. ஆனால் வணிகமாகப் பார்த்தால் இந்த முடிவால் ஒரு பெரிய பலன் விளைந்தது. 1967-க்குப் பிறகும் சுருள் சுற்றும் பிரிவு மூடப்படவில்லை. வால்வோடு சேர்ந்து அந்தக் கைவேலையையும் கைவிட்ட கம்பெனிகள் பின்னாளில் அதைத் திரும்பக் கொண்டுவரத் திணறின.

கடுமையான சோதனை மேடையில் நடந்தது. 350 வாட் கொடுக்கும் எம்சி3500 வால்வு ஆம்ப்ளிஃபயர் 1968-ல் வந்தது. அடுத்த ஆண்டு ஆகஸ்டில் வுட்ஸ்டாக் இசைவிழாவுக்கு ஒலி அமைத்த பில் ஹான்லி அதைத்தான் பயன்படுத்தினார். 1974-ல் கிரேட்ஃபுல் டெட் ராக் இசைக்குழுவுக்காக ஆவ்ஸ்லி ஸ்டான்லியும் கூட்டாளிகளும் எழுப்பிய வால் ஆஃப் சவுண்ட் என்ற மேடை ஒலி அமைப்பில் சுமார் 600 ஸ்பீக்கர்கள். அவற்றை 48 எம்சி2300 ஆம்ப்ளிஃபயர்கள் ஓட்டின என்பது நிறுவனத்தின் கணக்கு. ஒன்றுக்கு 600 வாட் வீதம் மொத்தம் 28,800 வாட். வீட்டுக்குச் செய்த கருவி அது. ஊர் ஊராக லாரியில் ஏற்றி இறக்கி, வெயிலிலும் மழையிலும் மணிக்கணக்கில் முழு வீச்சில் ஓட்டியும் தாங்கியது.

கிளினிக்

இந்த ஆய்வில் நான் அதிகம் மதிக்கும் பகுதி இது. தொழில்நுட்பத்தைவிட இதைப் பின்பற்றுவது கடினம்.

1962-ல் டேவ் ஓ'பிரையன் என்ற ஊழியர் அளவீட்டுக் கருவிகளோடு கடை கடையாகப் போய் ஆம்ப்ளிஃபயர் கிளினிக் நடத்தத் தொடங்கினார். யார் வேண்டுமானாலும் எந்தக் கம்பெனியின் ஆம்ப்ளிஃபயரையும் தூக்கிக்கொண்டு வரலாம். இலவசமாக அளந்து, எத்தனை வாட் வருகிறது, எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு சிதைவு என்று வரைபடமாகக் கையில் கொடுப்பார்கள். மெக்கின்டாஷ் கருவி குறித்த அளவுக்குக் கீழே இருந்தால் சரிசெய்து தருவார்கள். மற்றக் கம்பெனிக் கருவிக்கு அளவு மட்டும். 1991 வரை இது தொடர்ந்தது.

அன்றைய சந்தையை நினைத்துப் பார்த்தால் இதன் கூர்மை புரியும். 1960களில் வாட் கணக்கு காற்றில் பறந்தது. கண நேரம் எட்டும் உச்சத்தைப் பிடித்து, அதை இரண்டு சேனலுக்கும் சேர்த்து, விளம்பரத்தில் பெரிய எழுத்தில் போடுவார்கள். 100 வாட் என்று வாங்கியது 20 வாட்கூடத் தொடர்ந்து தராது. அமெரிக்க வணிக ஆணையம் 1974-ல்தான் இதற்கு விதி கொண்டுவந்தது: தொடர்ச்சியாகத் தரக்கூடிய வாட்டைச் சொல்ல வேண்டும், எந்த அதிர்வெண் எல்லையில், எவ்வளவு சிதைவோடு என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும், அளப்பதற்கு முன் மூன்றில் ஒரு பங்கு வாட்டில் ஒரு மணி நேரம் ஓடியிருக்க வேண்டும். இந்த விதி வருவதற்குப் பன்னிரண்டு ஆண்டு முன்பே ஒரு கம்பெனி தானாக முன்வந்து, வாடிக்கையாளர் கண்ணெதிரே, பழைய கருவியை மேஜையில் வைத்து அளந்து காட்டியது.

விளம்பர உத்திதானே என்று கேட்கலாம். ஆமாம், உத்திதான். அடுத்தவன் கருவி தோற்பதைக் கூட்டத்துக்கு முன்னால் காட்டுவதைவிடப் பலமான விளம்பரம் கிடையாது. ஆனால் தன் கருவி ஐந்து வருடம், பத்து வருடம் கழித்தும் ஜெயிக்கும் என்று உறுதியாகத் தெரிந்தவர்கள் மட்டுமே செய்யக்கூடிய உத்தி. அறிவித்த வாட்டைவிடக் கூடுதலாகத் தரும்படி கருவியை வடிவமைக்க வேண்டும், பழைய மாடலுக்கு உதிரிபாகம் வைத்திருக்க வேண்டும், சர்க்யூட்டைப் பழுதுபார்க்கும் வகையில் கட்ட வேண்டும். கிளினிக் என்ற ஒரு பழக்கமே பொறியாளர்களுக்குக் கட்டாயமாகிவிட்டது. மூன்று தலைமுறை வாடிக்கையாளர்கள் அப்பாவின் மெக்கின்டாஷை வைத்திருப்பதும், பழைய கருவிகளின் மறுவிற்பனை விலை விழாமல் இருப்பதும் இங்கிருந்துதான் வருகின்றன.

அளவீட்டை நம்பிய இந்தக் குணம் அவர்களுக்கு ஒரு பக்கத்தில் இழப்பையும் கொடுத்தது. 1970களில் வளர்ந்த உயர்தர ஆடியோ வட்டம் காதால் கேட்டுத் தீர்மானிப்பதை முதன்மையாக்கியது. கோவ் அந்தப் பக்கம் சாயவில்லை. விலை உயர்ந்த ஸ்பீக்கர் ஒயருக்கும் தடித்த சாதாரண ஒயருக்கும் கேட்பில் வித்தியாசம் இல்லை என்று விற்பனையாளர்கள் முன்னால் மாற்றி மாற்றிப் போட்டுக் காட்டியவர் அவர். பழமைவாதக் கம்பெனி, பணக்காரர் வீட்டு அலமாரிக்கானது என்ற பெயர் அந்த வட்டத்தில் ஒட்டிக்கொண்டது. புதிய சர்க்யூட்டுகளிலும் புதிய ஒலிபெருக்கிகளைக் கையாளும் விதத்திலும் மற்றவர்கள் முந்திப் போன ஆண்டுகள் உண்டு. அதை மறைக்க வேண்டியதில்லை.

கை மாறிய காலம்

மெக்கின்டாஷ் 1977-ல் ஓய்வு பெற்றார், கோவ் தலைமைக்கு வந்தார். 1982-ல் ஸ்டீவ் ஜாப்ஸ் தன் புதிய கணினிக்கு அந்தப் பெயரை விட்டுத்தரும்படி கடிதம் எழுதியது கோவுக்குத்தான். முதலில் மறுத்தார்கள். 1983-ல் உரிமம் கொடுத்தார்கள். 1989-ல் கோவ் இறந்தார், அடுத்த ஆண்டு மெக்கின்டாஷும் மறைந்தார். இந்த வகைக் கம்பெனி வழக்கமாக முடியும் இடம் இதுதான்.

1990-ல் வாங்கியது கார் ஸ்டீரியோ செய்யும் ஜப்பானியக் கம்பெனியான கிளாரியன். பெயரைக் காருக்குள் கொண்டுபோய் உற்பத்தியை வேறு நாட்டுக்கு மாற்றிவிடுவார்கள் என்று அஞ்சக் காரணம் இருந்தது. காருக்குள் பெயர் போனது, சுபாரு லெகசியில் மெக்கின்டாஷ் ஆடியோ வந்தது. பிங்காம்டன் மட்டும் அப்படியே இருந்தது. அதைவிட முக்கியம், 1993-ல் கோர்டன் கோவ் நினைவுப் பதிப்பாக எம்சி275 திரும்ப வந்தது. இருபது வருடம் முன்பு நிறுத்திய வால்வு ஆம்ப்ளிஃபயர். ஜப்பானியச் சேகரிப்பாளர்கள் பழையதைத் தேடித் தேடி வாங்கியது தேவை இருப்பதைக் காட்டியிருந்தது. இரண்டு கம்பியைச் சேர்த்துச் சுற்றத் தெரிந்தவர்கள் ஊரிலேயே இருந்ததால் அந்தத் தேவையைப் பூர்த்தி செய்யவும் முடிந்தது. சிறு மாற்றங்களோடு அடுத்தடுத்த பதிப்புகள் வந்துகொண்டேயிருக்கின்றன. பிற்காலப் பதிப்புகளில் சிறிய வால்வுகளுக்கு அடியில் எல்ஈடி விளக்கு வைத்திருக்கிறார்கள், எனக்கு அது பிடிக்கவில்லை. வால்வு தானாக ஒளிர்வதே போதும்.

பிறகு மாற்றங்கள் வேகமாக நடந்தன. 2003-ல் டெனான், மரான்ட்ஸ் இரண்டையும் வைத்திருந்த டி அண்ட் எம் ஹோல்டிங்ஸ். 2012-ல் இத்தாலியின் ஃபைன் சவுண்ட்ஸ். 2014-ல் எல்பிஓ ஃபிரான்ஸ் முதலீட்டோடு நிர்வாகத்தினரே வாங்கி, குழுவுக்கே மெக்கின்டாஷ் என்று பெயர் வைத்தார்கள். 2022-ல் முதலீட்டு நிறுவனமான ஹைலேண்டர் பார்ட்னர்ஸ். 2024 நவம்பரில் ஸ்பீக்கர், ஹெட்ஃபோன் செய்யும் அமெரிக்கக் கம்பெனியான போஸ்.

இவர்களில் யாரும் ஏன் உற்பத்தியை மலிவான இடத்துக்கு மாற்றவில்லை? பாசத்தால் என்று நான் நம்பவில்லை. முதலீட்டு நிறுவனம் அப்படி முடிவெடுப்பதில்லை. எண்ணிப் பார்த்தால் மாற்ற அதிகம் எதுவும் இல்லை. சர்க்யூட் போர்டை எங்கும் செய்யலாம், அதில் மெக்கின்டாஷ் வேறெவரையும் விடப் பெரிதாக உசத்தி இல்லை. இந்தக் கம்பெனியில் மற்றவர்களிடம் இல்லாதவை மூன்று: சுருள் சுற்றும் பட்டறை, கண்ணாடி முகப்புச் செய்யும் வேலை, பழைய கருவியைத் திரும்ப உயிர்ப்பிக்கும் சேவை. மூன்றும் அந்த ஊரோடும் அங்கு பழகிய ஆட்களோடும் கட்டப்பட்டவை. அதைப் பிரித்தெடுத்தால் கையில் மிஞ்சுவது எழுத்துரு மட்டும். ஒரே குழுவில் சில காலம் இருந்த ஆடியோ ரிசர்ச்சுக்கு இந்த அளவு நங்கூரம் இல்லாமல் போனது. அதுவும் அருமையான கருவிகள் செய்த கம்பெனிதான்.

போஸ் கையில் என்ன ஆகும் என்பதை முகப்பையோ மீட்டரையோ பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாது, அவை கடைசிவரை இருக்கும். காருக்குள் இன்னும் அதிகம் பெயர் வரும்; 2021-லேயே ஜீப் வாகனீரில் வந்துவிட்டது, அதனால் கெடுதலும் இல்லை. நான் பார்க்கப்போவது இரண்டைத்தான். புதிதாக வரும் நடுத்தர மாடல்களில் ஆட்டோஃபார்மர் இருக்கிறதா, அல்லது ஒவ்வொன்றாகக் கழன்றுகொண்டே போகிறதா? 1960களின் எம்சி275-க்கு ஒரு அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் கெட்டுப்போனால், சேம்பர்ஸ் தெருவில் அதைச் சுற்றித்தர இன்னும் ஆள் இருக்கிறார்களா?